மெசினுக்கு நோன்பில்லை

பொறாமை நாம் செய்த நன்மையையெல்லாம் தின்றுவிடும் என்று பள்ளிவாசல் பயானில் சொல்வார்கள். இருக்கலாம். என் கணக்கில் எவ்வளவு நன்மை இருந்ததென்று எனக்குத் தெரியாது, ஆனால் அது தின்ன வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சிவப்பு ஸ்கூட்டியில், பக்கத்து மீன்பிடி ஊரான உடப்பிலிருந்து வந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, ஒட்டிக்கிடந்த முடியை உதறிவிட்டு, படியேறி வந்து, "அக்கா, நான்தான் புதுசா வந்த ஆள்" என்றது.

நான் வேலை செய்யும் கந்தோர் புத்தளம் நகரத்தில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தன் கடைகளின் பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பும். எங்கள் பிள்ளைகள் அதைத் திரையில் பார்த்துப் பொருளையும் விலையையும் பதிவார்கள். பிள்ளைகள் என்றால் கல்யாணம் கட்டியவர்களும் அதில் உண்டு. ஊர்ப் பிள்ளைகள், கல்பிட்டி றோட்டிலிருந்து வருகிறவர்கள், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்களின் பிள்ளைகள். நான் அந்தக் கடைசி வகை. முகாமில் பிறந்தவள். 'அகதிப் பிள்ளை' என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கி, பொம்பிளைக்கு எதற்கு இந்த வயர் வேலை என்று வீட்டிலும் வாங்கி, கொம்பியூட்டர் படித்து, அந்தக் கந்தோரின் மெசின்களுக்கெல்லாம் பொறுப்பாக வந்து உட்கார்ந்தேன். முதலாளியை ஹாஜியார் என்போம். கடையும் அவருடையதுதான். ஆணியையும் டேட்டாவையும் ஒரே குரலில் பேசுவார்.

பிள்ளைகளின் மேசையில் இருப்பது திரையும் ஒரு சின்னப் பெட்டியும்தான். அவர்களுடைய உண்மையான கொம்பியூட்டர்கள் பின் அறையில், ஏசிக்குக் கீழே, ஒரே ஒரு பெரிய சேர்வருக்குள் இருந்தன. வேர்ச்சுவல் மெசின் என்பார்கள். ஒரு மெசினுக்குள் பல மெசின், ஆளுக்கொன்று. ஒவ்வொன்றும் தான் தனியாள் என்று நினைத்துக்கொண்டு ஓடும். அவற்றுள் பெரியது தரவு மெசின். பிள்ளைகள் பதிவதையெல்லாம் அதுதான் வாங்கிச் சேர்த்து வைக்கும். இத்தனை மெசினுக்கும் மெமரி மட்டும் ஒன்றுதான். சேர்வரில் இருக்கிற மெமரியைத்தான் எல்லாருக்கும் பங்கு வைக்க வேண்டும்.

எங்கள் கல்யாண வீடுகளில் சகனில் சாப்பாடு வைப்பார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேரின் சோற்றுக்குப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்று ஆக்குகிறவருக்குத் தெரியும். நான் மெமரியை அப்படித்தான் பார்த்தேன். இருப்பதை அளந்து, ஒவ்வொரு மெசினுக்கும் அதன் பங்கை ஒதுக்கிப் பூட்டினேன். இல்லாததை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கு மேலும் பயந்து, மெமரி முட்டினால் தற்காலிகமாக இறக்கி வைக்க டிஸ்கில் ஒரு இடமும் வைத்திருந்தேன். அந்த இடத்தைத் தொடவேண்டி வந்தால் வேலை நத்தை வேகத்தில் நகரும், ஆனால் ஒரு மெசினும் சாகாது.

சாகாததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. "ராத்தா, மெசின் இழுக்குது" என்றுதான் நாள் முழுக்கக் கேட்கும். எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். கந்தோர் முழுவதற்கும் நான்தான் ராத்தா. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உடப்புக்காரி வந்தது இப்படி இருக்கும்போதுதான். கொழும்பில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு, இனி வீட்டோடு இருக்கவேண்டும் என்று திரும்பி வந்தவள். வேலை கூடப்போகிறது, உதவிக்கு ஒரு ஆள் என்று சொல்லித்தான் ஹாஜியார் அவளை எடுத்தார். வந்த முதல் கிழமை, ஏழு நாளும், அவள் ஒன்றும் செய்யவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சேர்வரின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, என் முன்னாலேயே, "ஹாஜியார், இந்த சேர்வர்ல பாதி மெமரி சும்மா கிடக்கு" என்றாள்.

சும்மா கிடக்கு. அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்களுக்கு இரண்டு ஷிப்ட். காலைப் பிள்ளைகள் மத்தியானத்தோடு போவார்கள், பின்னேரப் பிள்ளைகள் பிறகு வருவார்கள். காலைப் பிள்ளைகளின் மெசின்களுக்கு நான் ஒதுக்கிய மெமரி பின்னேரத்தில் வெறுமனே பூட்டிக் கிடக்கும். பின்னேரத்து மெமரி காலையில் கிடக்கும். "பூட்டை எடுத்துட்டா, வேல செய்றவங்க எடுத்துக்குவாங்க. எல்லாரும் ஒரே நேரத்தில கேக்க மாட்டாங்க அக்கா" என்றாள். ஒவ்வொரு மெசினுக்கும் நான் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு எழுதினாள். கூட்டிப் பார்த்தால் சேர்வரில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம். அவசரத்துக்கு டிஸ்கில் வைத்திருந்த இடத்தையும் அடைத்தாள். "அதாலதான் அக்கா இழுக்குது, யாருக்கும் தேவையில்ல."

மறுநாள் மெசின்கள் பறந்தன. நான் பொய் சொல்லமாட்டேன், பறந்தன. ஒரு படத்தைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற நேரத்தில் இப்போது மூன்று படம் முடிந்தது. "அக்கா, நீங்க மந்திரம் தெரிஞ்ச ஆளா?" என்று ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்துக் கேட்டாள். ஹாஜியார் கீழே கடையில் சாமான் வாங்க வந்தவரிடமெல்லாம், "மாஷா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்கு என்ன மூளை!" என்றார். அவருடைய மனைவி ஒரு பாத்திரத்தில் தித்திப்பாக வட்டலப்பம் அனுப்பினார். அவளுக்கு. நான் அங்கே அத்தனை வருடம் இருந்தேன், எனக்கு வட்டலப்பம் வந்ததில்லை. வட்டலப்பத்துக்காக இல்லை. வட்டலப்பத்துக்காகவும்தான்.

சேர்வர் அறையின் சாவி என் கைப்பையிலிருந்து அவளுடைய சாவிக்கோர்வைக்குப் போனது. "அவ பாக்கட்டுமே, நீங்க பிரிண்டர், வயர் எல்லாம் பாருங்க" என்றார் ஹாஜியார். அம்மன் படம் தொங்குகிற அந்தக் கோர்வை அவள் நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் நான் பிரிண்டரைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

அவளிடம் குறை பிடிக்கலாம் என்று பார்த்தால், அதற்கும் வழி விடமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கரைவலை இழுத்த மீன் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு வைப்பாள். எனக்கு எப்போதும் பெரிய மீன். கடலோர மன்னார்க்காரர்களின் மகளுக்கே மீன் காட்ட வருகிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, வீட்டுக்குப் போய்ப் பொரித்துத் தின்பேன். மீன் நல்ல மீன். பிறகு ஒருநாள், எல்லாரையும் பார்த்து, அவளும் என்னை 'ராத்தா' என்று கூப்பிடத் தொடங்கினாள். இந்துப் பிள்ளை வாயில் அந்தச் சொல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு, இருந்த ஒரே பட்டத்தையும் அவள் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

நோன்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெளிநாட்டுக் கம்பனி செலவைக் குறைக்கச் சொல்கிறதாம். மெசின்களைப் பார்க்க ஒரு ஆளுக்குத்தான் இனிச் சம்பளம் தருவார்களாம். "நோன்புப் பெருநாளைக்குப் பிறகு ஒரு ஆள்தான் மகள். யாரெண்டு நான் இன்னும் முடிவெடுக்கல" என்றார். முடிவெடுத்துவிட்டார் என்பது அவர் என் முகத்தைப் பார்க்காததிலேயே தெரிந்தது.

அவளுக்கு இந்த வேலை போனால் கொழும்பு இருந்தது. எனக்கு இருந்தது வீடு. கொழும்புக்கு வேலைக்குப் போக எங்கள் வீட்டில் விடமாட்டார்கள், கணவர் கத்தாரிலிருந்து போனிலேயே அதை முடித்துவிடுவார். புத்தளத்தில் இப்படி ஒரு வேலை இன்னொன்று கிடையாது. ஆக, இந்தக் கதிரை போனால் படித்த படிப்பையும் அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட வேண்டியதுதான். கடையில் பாண் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் படித்த படிப்பு தேவையில்லை.

அதனால் நான் பேசினேன். எல்லாரும் இருக்கும்போதே, ஹாஜியாரிடம், "இது ஒருநாளைக்கு விழும். இல்லாத மெமரியக் குடுத்து வெச்சிருக்கு. எல்லாரும் கேட்ட அண்டைக்கு மெசின் விழும்" என்றேன். சொன்னது சரி. சொன்ன குரல்தான் சரியில்லை. அதில் வட்டலப்பமும் சாவிக்கோர்வையும் பெரிய மீனும் எல்லாம் இருந்தன, அது எனக்கே கேட்டது. ஹாஜியார் சிரித்துக்கொண்டு, "வயிறெரியாதீங்க மகள்" என்றார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உடப்புக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "ராத்தா, எப்ப எல்லாரும் கேப்பாங்க எண்டு சொல்லுங்க, நான் பாக்குறன்" என்றாள். "கேப்பாங்க" என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அவள் அறைக்குப் போனாள், சாவி கலகலத்தது.

நோன்பு பிறக்கப்போகிற கிழமை. நோன்பு மாதத்தில் பின்னேர ஷிப்டுக்கு யாரும் வரமாட்டார்கள். பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு கஞ்சி காய்ச்ச வேண்டும், பற்றிஸ் சுட வேண்டும், நோன்பு திறக்க வீட்டில் இருக்க வேண்டும். வருடா வருடம் நடப்பதுபோல் ஹாஜியார் இரண்டு ஷிப்டையும் ஒன்றாக்கினார். காலையில் தொடங்கி அஸருக்கு முன்னால் முடித்துவிடுவது. இடம் போதாததால் பின்னேரப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே மெசினுக்குள் வந்து வேலை செய்யலாம் என்றார். எல்லாருக்கும் சந்தோசம். அந்தக் கூட்டத்தில் உடப்புக்காரி கையைத் தூக்கி, "நோன்புக்கு மெசின்ல ஏதும் மாத்தணுமா ஹாஜியார்?" என்று கேட்டாள்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நோன்பு எங்களுக்குத்தான் மகள், மெசினுக்கு நோன்பில்ல!" என்றார்.

கந்தோரே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் எல்லார் முன்னாலும் அசடாகி நிற்பதைப் பார்க்கக் கிடைத்த சிரிப்பு, வயிறு குளிரச் சிரித்தேன். நோன்பு வந்தால் ஊரில் எல்லா நேரமும் இடம் மாறும், கடையும் பள்ளிக்கூடமும் தூக்கமும் மாறும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரப்போகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்திய வருடங்களில் என் பூட்டு இருந்ததால் அது ஒரு விசயமாகவே இருந்ததில்லை. கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்கோ நோன்பு தெரியாது.

நோன்பு தொடங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய களைப்பில் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக, ஒவ்வொரு நேரத்தில் மெசினுக்குள் வந்தார்கள். உடப்புக்காரியும் எங்களோடு பகலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, யாரும் கேட்காமலே. அதற்கும் எல்லாரும் உருகினார்கள். எங்களுக்காவது அல்லாஹ்விடம் கூலி இருக்கிறது, இவள் எதற்காக இப்படிக் காய்கிறாள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாத முடிவு வந்தது. படங்கள் மலைபோல் குவிந்தன. அஸருக்கு முன்னால் முடித்துவிட்டு எழும்ப வேண்டும் என்று கந்தோரில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில், ஜன்னலோரத்தில் ஒருத்தியின் திரை கறுத்தது. அவள் "ராத்தா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்துத் திரை. பிறகு எல்லாருடைய திரையிலும் ஒரே செய்தி: தரவு மெசினைக் காணவில்லை.

நான் அறைக்கு ஓடினேன். அவள் எனக்கு முன்பே அங்கே நின்றாள். சேர்வரின் பதிவில் வரிசையாக எழுதியிருந்தது: மெமரி தீர்ந்தது, இந்த மெசினைக் கொன்றேன். மெமரி தீர்ந்துபோனால் சேர்வர் தான் சாகாமல் இருக்க ஒரு மெசினைக் கொல்லும். யார் அதிகம் கேட்டார்கள், யார் பிழை செய்தார்கள் என்றெல்லாம் அது விசாரிக்காது. அனேகமாக யார் பெரிதாக இருக்கிறார்களோ அவர்கள்மேல்தான் கை வைக்கும். பெரியது தரவு மெசின். சிறிய மெசின்கள் தின்ற தீனிக்குப் பெரியதின் கழுத்து போயிருந்தது. அவசரத்துக்கு இறக்கி வைக்க இடமும் இல்லை, அதைத்தான் அவள் அடைத்துவிட்டாளே.

"ராத்தா, நீங்க சொன்னது" என்று அவள் தொடங்கினாள். முகம் சுண்ணாம்பு நிறமாக இருந்தது.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெளியே பிள்ளைகள் கத்துகிறார்கள், காலையிலிருந்து பதிந்தது போய்விட்டது, கம்பனி கேட்டால் எல்லாருடைய வேலைக்கும் ஆபத்து. அத்தனைக்கும் நடுவில், காய்ந்து கிடந்த நோன்பு வாய்க்குத் தண்ணீர் விட்டது மாதிரி அந்தச் சந்தோசம் உள்ளே இறங்கியது.

அவள் எல்லா மெசினையும் திரும்ப எழுப்பினாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தரவு மெசின் இரண்டாவது தடவையும் விழுந்தது. அப்போது நான் அவளுடைய கையிலிருந்து விசைப்பலகையை இழுத்தேன். இழுத்தேன் என்பதுதான் சரி, கேட்டு வாங்கவில்லை. தரவு மெசினுக்கு முதலில் அதன் மெமரியை ஒதுக்கிப் பூட்டினேன். டிஸ்கில் அவசர இடத்தைத் திறந்தேன். மீதியில் எத்தனை மெசின் ஓடுமோ அத்தனைக்கு மட்டும் உயிர் கொடுத்தேன். பிறகு வெளியே வந்து, பாதிப் பேரை எழும்பச் சொன்னேன். வீட்டில் இருந்தவர்களுக்குப் போன் போட்டு, வெளியே போகச் சொன்னேன். எழும்பியவர்கள் என்னை முறைத்தார்கள். மெசின் விழாமல் நின்றது. இழுத்து இழுத்து, ஆனால் நின்றது.

எனக்கு அன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது வேறு. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போனபோது, தடுப்புக்கு மறுபக்கத்தில் இரண்டு பேர் பேசுவது கேட்டது.

"ராத்தாட கண்தான்டி. விழும் விழும் எண்டு சொல்லிட்டே இருந்தாவே."

"கருநாக்கு. அந்த அக்கா வந்த நாள்ல இருந்து அவ பாக்கிற பார்வை சரியில்ல."

எங்கள் ஊரில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டால் 'மாஷா அல்லாஹ்' சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கண்ணூறு. கெட்டதை வாயால் சொல்லவே கூடாது, சொன்னால் நடந்துவிடும். நான் மாஷா அல்லாஹ்வும் சொல்லவில்லை, கெட்டதையும் சொன்னேன், அது நடந்தும் விட்டது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? கொஞ்ச நேரத்தில் ஹாஜியாரின் மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் கொடுத்து ஆள் அனுப்பியிருந்தார், சேர்வரைச் சுற்றிப்போட. அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மிளகாயைக் கையில் வாங்கிய பிள்ளை சேர்வரைச் சுற்றிவிட்டு, ஒரு நொடி தயங்கி, என்னையும் பார்த்தாள். கீழே அடுப்பில் போட்டபோது மிளகாய் நெடி அடிக்கவில்லையாம். கண்ணூறு இருந்தால் நெடி அடிக்காது என்பார்கள். நான் மேலே நின்று இருமிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஹாஜியார் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். மேசையில் ஒரு திரையில் வெளிநாட்டுக் கம்பனியின் பெண்மணி இருந்தார். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கேட்டார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். அவர் பயந்தது எதற்கென்று எனக்குத் தெரியும். 'மெசினுக்கு நோன்பில்ல' என்று சொன்னவர் அவர். கேட்டவள் இப்போது எழுந்து, 'நான் கேட்டன், நீங்கதான் சிரிச்சீங்க' என்று சொன்னால் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் பரிமாறியிருப்பேன்.

அவள் எழுந்தாள். திரையில் இருந்தவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். எவ்வளவு மெமரி இருந்தது, எவ்வளவு எழுதிக் கொடுத்தாள், இரண்டு ஷிப்டும் ஒன்றானபோது என்ன நடந்தது, சேர்வர் ஏன் பெரிய மெசினைக் கொன்றது, எல்லாம். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. அந்தப் பெண்மணி எழுதிக்கொள்வது தெரிந்தது. அவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. விழுத்தியவள் விழுந்ததைச் சொல்கிற அழகைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. பிறகு அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணும் இல்ல, நாக்கும் இல்ல. பிழை என்ட. இல்லாத மெமரிய நான் பங்கு வெச்சிட்டன். ராத்தா முதலே சொன்னா, நான்தான் கேக்கல. நேத்து மெசின விழாம நிப்பாட்டினதும் அவதான்." ஹாஜியாரைப் பார்த்தாள். "பெருநாளைக்குப் பிறகு ஒரு ஆள்தான் எண்டா ஹாஜியார், அது ராத்தாதான். நீங்க யோசிக்காதீங்க."

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என்மேல் இருந்த கண்ணூறுப் பழி அந்த இடத்திலேயே கழன்றது. ஹாஜியார் அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். மிளகாய் சுற்றிய பிள்ளை ஓடிப்போய் அழுதாள். யாரைக் கட்டிப்பிடித்து? அவளை. பிள்ளைகள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். சரியாகச் சொன்னவள் நான், மெசினை விழாமல் நிறுத்திக் காட்டியவள் நான், கதிரையும் இப்போது என்னுடையது. நான் பிரிண்டருக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். அவள் மட்டும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, சாவியைக் கோர்வையிலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "கோவமா ராத்தா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். அன்றைக்கு நோன்போடு நான் சொன்ன பொய் அது.

அந்தக் கதிரையை நான் சண்டை பிடித்து எடுக்கத் தயாராக இருந்தேன். அவளைத் தோற்கடித்து, நான் சரியென்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எடுக்க. அவள் அதைத் தூக்கித் தந்துவிட்டாள். தந்ததை வாங்கியவள் ஆகிவிட்டேன் நான். அவள் பிழையைக்கூட என்னைவிட நன்றாகச் செய்தாள் என்று அந்தக் கிழமை முழுக்க அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நினைத்தேன்.

பெருநாளைக்குப் பிறகு அவள் வரவில்லை. அந்தக் கம்பனிப் பெண்மணி அவளை நேரடியாகத் தங்களிடமே எடுத்துக்கொண்டார். இப்போது உடப்பில் வீட்டிலிருந்தே வேலை. எங்களைப்போல் பல கந்தோர்களின் சேர்வர்களை அவள்தான் பார்க்கிறாள். எங்களுடையதையும். மாதத்தில் ஒருநாள் எனக்கு அவளிடமிருந்து செய்தி வரும்: "ராத்தா, உங்கட செட்டிங்க்ஸ்தான் எல்லா இடத்துக்கும் போட்டிருக்கன். ஒண்டும் விழாம நல்லா நிக்குது." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். நானும் ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்புவேன்.

இங்கே எல்லா மெசினுக்கும் அதனதன் மெமரி ஒதுக்கி, பூட்டி இருக்கிறது. அடுத்த நோன்பும் வந்து போனது. ஒன்றும் விழவில்லை. விழாத நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் படம் திறக்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு, "அந்த அக்கா இருக்கக்குள்ள என்ன ஸ்பீட்!" என்கிறார்கள். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்வதில்லை, கேட்கக்கூடாது என்றும் நினைப்பதில்லை.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். புது வேலை ஒன்று தரப்போகிறவர், பெரிய ஆள். ஹாஜியார் அவருக்குக் கந்தோரைச் சுற்றிக் காட்டினார். சேர்வர் அறை வாசலுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். எனக்குத் தெரியும், என் பொறுப்பில் ஒரு மெசினும் விழுந்ததில்லை என்று சொல்லப்போகிறார். சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"இவதான் எங்கட பொறுப்பு" என்றார் ஹாஜியார். "நல்ல பிள்ளை. முன்னம் எங்கள்ட்ட உடப்புப் பிள்ளை ஒண்டு இருந்தது, அதுதான் இவவ வைக்கச் சொல்லிக் காட்டித் தந்தது."

வந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளை இப்ப எங்க?" என்று கேட்டார்.